24 மணித்தியாலமும் ஓடும் கணினி: யாழ்ப்பாணத்து வீட்டில் சேர்வர் வைக்க ஓர் எளிய கணக்கு

வீட்டுச் சேர்வர் என்பது நிறுத்தாமல் ஓடிக்கொண்டிருக்கும் ஒரு கணினி, அவ்வளவுதான். மொனிட்டரும் கீபோட்டும் முதல்நாள் மட்டும் தேவை. அதற்குப் பிறகு ரவுட்டரோடு ஒரு லான் வயரால் இணைந்து ஒரு மூலையில் கிடக்கும். வீட்டிலுள்ள கைபேசிகளில் எடுக்கும் படங்கள் இரவில் தாமாகவே அதில் வந்து சேரும். காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ், பழைய கடிதங்கள் என்று ஸ்கான் செய்தவை எல்லாம் ஒரே இடத்தில் இருக்கும். கிவிக்ஸ் என்ற இலவச மென்பொருளைப் போட்டுவிட்டால் இணையம் அறுந்த நேரத்திலும் பிள்ளைகள் தமிழ் விக்கிப்பீடியாவை வாசிக்கலாம். ஜெலிஃபின் போட்டால் சேர்த்துவைத்த காணொளிகளைத் தொலைக்காட்சியில் பார்க்கலாம். இவையெல்லாம் வீட்டுக்குள்ளேயே நடக்கும் போக்குவரத்து. டேட்டாவில் ஒரு எம்பிகூடக் கழியாது.

இதைச் செய்ய நினைக்கும் பலர் முதலில் கேட்பது, ஆக மலிவான கணினி எது என்று. அந்தக் கேள்வியிலேயே கணக்குப் பிழைத்துவிடும். சும்மா கிடக்கும்போது அது எத்தனை வாட் இழுக்கும், கரண்ட் போய் வந்தால் அதற்கு என்ன நடக்கும் என்ற இரண்டையும் முதலில் கேட்க வேண்டும். இலவசமாகக் கிடைத்த பழைய டெஸ்க்டொப் ஒன்று, விலை கொடுத்து வாங்கிய சின்னப் பெட்டியை விட ஓரிரு வருடத்தில் கூடிய செலவு வைத்துவிடும்.

வாட் கணக்கு

ஒரு வாட் இழுக்கும் பொருள் 24 மணித்தியாலமும் 30 நாளும் ஓடினால் 720 வாட்-மணி. அதாவது 0.72 யுனிட். வீட்டுச் சேர்வர் பெரும்பாலான நேரம் சும்மாதான் இருக்கும். ஆகவே பெட்டியில் எழுதியிருக்கும் உச்ச வாட்டைப் பார்த்துப் பயனில்லை; சும்மா இருக்கும்போது இழுப்பதுதான் மின்பட்டியலில் வரும். 10 வாட் பெட்டிக்கு மாதம் 7.2 யுனிட். 60 வாட் இழுக்கும் பழைய டவருக்கு 43.2 யுனிட்.

இந்த யுனிட்டுகள் உங்கள் வீட்டுப் பாவனையின் அடியில் போய்ச் சேருவதில்லை, உச்சியில்தான் ஏறும். இலங்கையில் வீட்டு மின்கட்டணம் படிமுறையானது. மாதம் 60 யுனிட்டுக்குள் நிற்கும் வீட்டுக்கு 0-30, 31-60 என்று மலிவான இரண்டு படிகள். 60ஐத் தாண்டியதும் முதல் 60 யுனிட்டுக்கும் வேறு விலை போடுவார்கள். அதற்கு மேல் 90, 120, 180 என்று ஒவ்வொரு எல்லையிலும் விலை ஏறும், நிலையான கட்டணமும் கூடவே ஏறும். 50 யுனிட் ஓடும் ஒரு வீட்டை எடுங்கள். 10 வாட் பெட்டி வந்தால் 57, மலிவுப் படிக்குள்ளேயே நிற்கிறது. பழைய டவர் வந்தால் 93, இரண்டு எல்லைகளைத் தாண்டிவிட்டது. ஒரு யுனிட்டின் விலை அடிக்கடி மாறும் என்பதால் கடைசியாக வந்த மின்பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு உங்கள் வீடு எந்த எல்லைக்குக் கிட்ட நிற்கிறது என்று பாருங்கள்.

வாட்டை அளக்க, பிளக்குக்கும் சுவருக்கும் இடையில் செருகும் வாட்மீட்டர் கடைகளில் உண்டு. அது இல்லாவிட்டால் வீட்டு மீட்டரே போதும். டிஜிட்டல் மீட்டரின் முகப்பில் மினுங்கும் ஒரு சிறு சிவப்பு விளக்கும், அதற்குப் பக்கத்தில் ஒரு யுனிட்டுக்கு எத்தனை மினுக்கம் என்ற எண்ணும் இருக்கும். 1600 என்று போட்டிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். குளிர்சாதனப்பெட்டி, மின்விசிறி, ரவுட்டர் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டுக் கணினியை மட்டும் ஓடவிடுங்கள். ஒரு மினுக்கத்துக்கும் அடுத்ததற்கும் இடையில் எத்தனை செக்கன் என்று கைபேசியில் பாருங்கள். 36 இலட்சத்தை மீட்டரின் எண்ணாலும் பிறகு அந்தச் செக்கனாலும் வகுத்தால் வாட் வரும். 1600 மீட்டரில் இடைவெளி 37.5 செக்கன் என்றால் 60 வாட். 225 செக்கன் என்றால் 10 வாட். இரண்டு மூன்று முறை அளந்து சராசரி எடுப்பது நல்லது.

எந்தப் பெட்டி

விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 ஒக்டோபர் 14இல் முடிந்தது. விண்டோஸ் 11 அதிகாரபூர்வமாக ஓட இன்டெல்லின் 8ஆம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்திய சிப் வேண்டும். அதனால் வெளிநாட்டு அலுவலகங்கள் 6ஆம், 7ஆம் தலைமுறைக் கணினிகளைக் கழித்துவிடுகின்றன. விண்டோஸுக்குப் பதிலாகப் போடும் இலவச இயங்குதளமான லினக்ஸுக்கு அந்தத் தடை இல்லை. அதன் ஒரு வகையான டெபியன் அவற்றில் ஒரு குறையும் இல்லாமல் ஓடும்.

தேட வேண்டியது, ஒரு தடித்த புத்தகத்தின் அளவில் இருக்கும் அலுவலக மினி கணினிகளை. டெல் ஒப்டிபிளெக்ஸ் மைக்ரோ, எச்பி எலைட்டெஸ்க் மினி, லெனோவோ திங்சென்டர் டைனி ஆகிய மூன்று வரிசைகளும் நம்பிக்கையானவை. சிப்பின் பெயர் டி என்ற எழுத்தில் முடிவதைப் பாருங்கள், உதாரணமாக ஐ5-6500டி அல்லது ஐ5-8500டி. அவை 35 வாட்டுக்கு வடிவமைக்கப்பட்டவை, சும்மா இருக்கும்போது சுமார் 10 வாட்டுக்குள் அடங்கும். றாம் 8 ஜிபி தொடக்கத்துக்குத் தாராளம். இவற்றில் லாப்டொப்புக்குரிய சிறிய றாம்தான் பொருந்தும். டெஸ்க்டொப் றாமை வாங்கிவந்து ஏமாறாதீர்கள்.

யாழ் நகரத்துக் கடையிலோ, கொழும்பு பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவிலோ பாவித்த பெட்டி வாங்கும்போது கடையிலேயே மூன்றைச் சரிபாருங்கள். முதலாவது பயோஸ், அதாவது விண்டோஸோ லினக்ஸோ தொடங்குமுன் ஓடும் அடிப்படை அமைப்பு. டெல் என்றால் எஃப்2, எச்பி என்றால் எஃப்10, லெனோவோ என்றால் எஃப்1 விசையைக் கணினி எழும்பும்போது தட்டுங்கள். கடவுச்சொல் கேட்டால் அந்தப் பெட்டி வேண்டாம். பழைய அலுவலகம் போட்ட பூட்டு அது. அதைக் கழற்றாமல் பின்னால் சொல்லப்போகும் முக்கியமான ஒரு அமைப்பை மாற்றவே முடியாது. இரண்டாவது அடாப்டர். அதே கம்பனியின் 65 அல்லது 90 வாட் அடாப்டர் கூட வருகிறதா என்று பாருங்கள். பொருந்தாத அடாப்டர் போட்டால் சில டெல் பெட்டிகள் வேகத்தைத் தாமாகவே குறைத்துக்கொள்ளும். மூன்றாவது காற்றாடி. காதைக் கிட்ட வைத்தால் கரகர என்ற சத்தம் வரக்கூடாது.

வீட்டில் திரை உடைந்த லாப்டொப் கிடந்தால் அதுவும் நல்ல சேர்வர்தான். பற்றரி உள்ளேயே இருப்பது வசதி. ஆனால் எங்கள் வெயிலில் எந்நேரமும் 100 சதவீதச் சார்ஜில் கிடக்கும் லிதியம் பற்றரி ஊதும். சார்ஜை 80 சதவீதத்தோடு நிறுத்தும் வசதி இருந்தால் போட்டுவிடுங்கள். டச்பாட் மேலே கிளம்பி நிற்கிறது, மூடி சரியாகப் பொருந்தவில்லை என்றால் பற்றரி ஊதிவிட்டது என்று அர்த்தம். அன்றே கழற்றிவிட வேண்டும், குத்தவோ அமத்தவோ கூடாது. ராஸ்பெரி பை என்ற உள்ளங்கையளவுக் கணினி இன்னும் குறைவாக இழுக்கும். ஆனால் அதை எஸ்டி கார்டில் ஓடவிட்டால் திரும்பத் திரும்ப எழுதுவதாலும் திடீர் மின்வெட்டாலும் கார்ட் கெட்டுப்போகும். எஸ்எஸ்டியில் ஓடவிடுவதே சரி.

கரண்ட் போவதும் வருவதும்

2022 மார்ச் கடைசியில் 13 மணித்தியால மின்வெட்டைக் கண்ட நாடு இது. ஆனால் கணினியைக் கொல்வது நீண்ட மின்வெட்டு அல்ல. இரண்டு செக்கன் போய் வருவதும், வந்தவுடன் வோல்டேஜ் துள்ளுவதும்தான் ஆபத்து. இன்னொரு காரணம் ஒவ்வொரு வீட்டுக் கிணற்றடியிலும் இருக்கிறது. ஒரு குதிரைவலு தண்ணீர் மோட்டர் தொடங்கும் கணத்தில் ஓடும்போது எடுப்பதைப் போல ஐந்தாறு மடங்கு மின்னோட்டத்தை இழுக்கும். மோட்டர் போடும்போது மின்குமிழ் மங்குகிறதா? அந்த மங்கல் போதும், யுபிஎஸ் (கரண்ட் போனதும் பற்றரியில் ஓடவிடும் பெட்டி) இல்லாத சேர்வர் நின்று மறுபடி எழும்ப. காரணமில்லாமல் காலையிலும் மாலையிலும் சேர்வர் ரீஸ்டார்ட் ஆகிறது என்றால் முதலில் மோட்டர் போடும் நேரத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

650 விஏ யுபிஎஸ் ஒன்று மினி கணினிக்கும் ரவுட்டருக்கும் போதும். லைன் இன்டராக்டிவ் வகையைக் கேட்டு வாங்குங்கள். வோல்டேஜ் ஏறி இறங்கும்போது பற்றரியைத் தொடாமலே அது சரிசெய்யும். உள்ளே இருப்பது பெரும்பாலும் ஒரேயொரு 12 வோல்ட் 7 ஆம்பியர்-மணி ஈயப் பற்றரி. பெருக்கினால் 84 வாட்-மணி. அதில் பாதிக்குச் சற்றுக் கூடத்தான் உண்மையில் பயன்படும்; மீதி மாற்றும்போது வெப்பமாகவும், பற்றரி முற்றாக இறங்காமல் காக்கவும் போய்விடும். கணினியும் ரவுட்டரும் சேர்ந்து 25 வாட், யுபிஎஸ் தனக்கு ஒரு 10 வாட் என்றால் புதிய பற்றரியில் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் தாங்கும். அதே யுபிஎஸ்ஸில் மொனிட்டரையும் பிரிண்டரையும் மாட்டினால் இந்தக் கணக்கு உடைந்துவிடும்.

ஈயப் பற்றரியின் ஆயுள் 20 முதல் 25 பாகை வெப்பத்துக்குக் கணக்கிடப்பட்டது. அதற்கு மேல் ஒவ்வொரு 10 பாகைக்கும் ஆயுள் பாதியாகும் என்பது மின்னியலாளரின் பொதுவான கணக்கு. எங்கள் வீட்டு அறைகளில் 33, 34 பாகை சர்வசாதாரணம். ஆகவே நாலு வருடம் என்று சொல்லி விற்றது இரண்டு வருடத்தில் படுத்தால் யுபிஎஸ்ஸைக் குறைசொல்ல வேண்டாம், எறியவும் வேண்டாம். பற்றரியை மட்டும் மாற்றலாம். சுவரிலிருந்து பிளக்கைக் கழற்றி, யுபிஎஸ்ஸை நிறுத்தி, அடிமூடியைத் திறந்து, கறுப்பு வயரை முதலிலும் சிவப்பை அடுத்ததாகவும் இழுத்தெடுங்கள். புதியதைப் போடும்போது சிவப்பு முதலில். வாங்கும்போது பழைய பற்றரியையே கடைக்குக் கொண்டுபோனால் அளவும் முனையின் அகலமும் பிசகாது, பழையதையும் அங்கேயே கொடுத்துவிடலாம். ஈயம் கிணற்றுத் தண்ணீரில் கலக்கக்கூடாது. வளவுக்குள் புதைப்பது பெரும் கேடு. சுண்ணக்கல் நிலத்தில் மேலே போட்டது கீழே போய்ச்சேர அதிக காலம் எடுக்காது.

யுஎஸ்பி துளை உள்ள யுபிஎஸ் என்றால் நட் என்ற இலவச மென்பொருள் பற்றரி இறங்குவதைப் பார்த்துச் சேர்வரை ஒழுங்காக நிறுத்திவிடும். மலிவான யுபிஎஸ்ஸில் அந்தத் துளை இராது. அதற்கும் வழி உண்டு. யுபிஎஸ்ஸில் மாட்டாமல் நேரே சுவரில் ஓடும் ஒரு பொருளை, உதாரணமாக ஒதுக்கிப் போட்ட பழைய ரவுட்டரை, வீட்டு வலையமைப்பில் வைத்திருங்கள். சேர்வர் அதை நிமிடத்துக்கு ஒருமுறை பிங் செய்யட்டும், அதாவது இருக்கிறாயா என்று கேட்டுப் பதில் பார்க்கட்டும். தொடர்ந்து 15 நிமிடம் பதில் இல்லையென்றால் கரண்ட் இல்லை என்று கொண்டு தன்னை நிறுத்திக்கொள்ளும்படி ஒரு சின்ன ஸ்கிரிப்ட் எழுதினால் போதும்.

இனி முன்னர் சொன்ன பயோஸ் அமைப்பு. கரண்ட் வந்ததும் கணினி தானாக எழும்ப வேண்டும். டெல்லில் ஏசி ரிக்கவரி என்றும், எச்பியிலும் லெனோவோவிலும் ஆஃப்டர் பவர் லொஸ் என்றும் அது இருக்கும். அதைப் பவர் ஒன் என்று மாற்றுங்கள். இதைச் செய்யாவிட்டால் நீங்கள் வேலையில் இருக்கும்போது கரண்ட் போய் வந்தால், யாராவது போய்ப் பொத்தானை அழுத்தும்வரை சேர்வர் செத்துக் கிடக்கும். செய்தும் எழும்பவில்லையா? மதர்போட்டில் நாணயம் போல இருக்கும் சிஆர்2032 பற்றரியைப் பாருங்கள். அது 3 வோல்ட். பாவித்த பெட்டிகளில் பெரும்பாலும் முடியும் நிலையில்தான் இருக்கும். அது இறங்கினால் பயோஸ் அமைப்புகள் மறந்துபோகும், திகதி பல வருடம் பின்னுக்குப் போகும். திகதி பிழைத்தால் பாதுகாப்பான இணைய இணைப்புகள் சான்றிதழ் செல்லாது என்று சொல்லி மறுக்கும். இணையக் கோளாறு என்று நினைத்துப் பலர் ரவுட்டரோடு மல்லுக்கட்டும் இடம் இது. மல்டிமீட்டரில் 2.8 வோல்ட்டுக்குக் கீழே காட்டினால் மாற்றிவிடுங்கள். பெட்டி வாங்கிய அன்றே ஒரு புதியதைப் போட்டுவிடுவது இன்னும் நல்லது.

இடி மின்னலுக்கு யுபிஎஸ் காவல் அல்ல. சித்திரையிலும் ஐப்பசி, கார்த்திகையிலும் இடி கூடிய நாட்களில் பிளக்கைக் கழற்றுவதே ஒரே வழி. செப்புத் தொலைபேசிக் கம்பியில் வரும் இணையம் என்றால் அதையும் கழற்ற வேண்டும்; கரண்ட் கம்பியை விட அந்த வழியாகத்தான் பல ரவுட்டர்கள் எரிகின்றன. பைபர் இழை மின்னைக் கடத்தாது, ஆனால் பைபர் பெட்டியின் அடாப்டர் கடத்தும்.

வெப்பம், தூசி, உப்பு

வலிகாமத்தில் சோளகம் வீசும் மாதங்களில் செம்மண் தூசி எல்லாவற்றிலும் படியும். குருநகர், நாவாந்துறை, பருத்தித்துறைக் கரையோர வீடுகளில் உப்புக்காற்று. சாமியறையை ஒட்டி வைத்தால் சாம்பிராணிப் புகையின் பிசுபிசுப்பு தூசியோடு சேர்ந்து, துடைத்தாலும் போகாத படலமாகும். நிலத்திலிருந்து இரண்டு மூன்றடி உயரத்தில், கூரைத் தகட்டுக்குக் கீழே நேரே அல்லாமல், காற்றோட்டமுள்ள அறையில் வையுங்கள். கண்ணாடி அலுமாரிக்குள் பூட்டி வைத்தால் தூசி குறையும், வெப்பம் கூடும். வெப்பம்தான் முதல் எதிரி.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை மூடியைக் கழற்றி மென்மையான தூரிகையால் தட்டி, கை ஊதியால் ஊதுங்கள். ஊதும்போது காற்றாடி சுழலாமல் விரலால் பிடிக்க வேண்டும், இல்லாவிட்டால் பெயரிங் தேய்ந்துவிடும். சிப் சும்மா இருக்கும்போதே 60 பாகையைத் தாண்டினால், சிப்பின் சூட்டை ஹீட்சிங் என்ற உலோகத் தகட்டுக்குக் கடத்தும் தேர்மல் பேஸ்ட் காய்ந்திருக்கும். ஹீட்சிங்கைக் கழற்றி, பழையதை ஐசோபுரொப்பைல் அல்கஹோலால் துடைத்து, ஒரு பயறளவு புதிய பேஸ்ட் வைத்து, திருகாணிகளை மூலைவிட்டமாக மாறி மாறி இறுக்குங்கள். றாமின் பித்தளை நிற முனைகளை அதே அல்கஹோலால் துடைத்தால் உப்புக்காற்றால் வரும் பல மர்மமான கோளாறுகள் தீரும். அடாப்டருக்குப் பக்கத்தில் எறும்பு ஊருகிறதா என்றும் பாருங்கள், அந்தச் சூடு அவற்றுக்குப் பிடிக்கும்.

டிஸ்க்கும் பிரதிகளும்

ஒவ்வொரு டிஸ்க்கும் தன் உடல்நிலையைத் தானே எழுதிவைக்கிறது, அதன் பெயர் ஸ்மார்ட். பாவித்த ஹார்ட் டிஸ்க்கில் நாலு வரிகளைப் பார்த்தால் போதும். 5ஆம் எண், கெட்டுப்போய் மாற்றப்பட்ட பகுதிகள். 197ஆம் எண், வாசிக்க முடியாமல் காத்திருப்பவை. இவை இரண்டும் பூச்சியமாக இருக்க வேண்டும். 197 ஏறத் தொடங்கினால் இன்றே பிரதி எடுங்கள். 199ஆம் எண் ஏறினால் குற்றம் டிஸ்க்கில் இல்லாமல் கேபிளில் இருக்கும். 9ஆம் எண் ஓடிய மணித்தியாலங்கள். ஒரு வருடம் 8760 என்று வகுத்துப் பாருங்கள். ஓன்லைனில் நம்பமுடியாத விலைக்கு வரும் 2 டிபி பென்டிரைவ்கள் பெரும்பாலும் பொய். எஃப்3 என்ற கருவி முழுவதும் எழுதி வாசித்து உண்மையான அளவைச் சொல்லிவிடும்.

இரண்டு டிஸ்க்கில் ஒரேநேரம் எழுதும் ரெய்ட் முறை பிரதி ஆகாது. தவறுதலாக அழித்தால் இரண்டிலும் ஒரே கணத்தில் அழியும், மின்னல் வந்தால் இரண்டும் சேர்ந்தே எரியும். சேர்வரில் ஒன்று, பிரதி எடுக்கும்போது மட்டும் செருகும் வெளி டிஸ்க்கில் ஒன்று, வேறு ஊரில் ஒன்று. மூன்றும் வேண்டும். 1995 இடப்பெயர்வில் அல்பங்களை விட்டுவிட்டுப் போன குடும்பங்களுக்கு மூன்றாவது ஏன் என்று விளக்கத் தேவையில்லை.

வெளியிலிருந்து வீட்டுச் சேர்வரை அடைய ரவுட்டரில் போர்ட், அதாவது இணையத்திலிருந்து உள்ளே வரும் வாசல், திறக்க வேண்டாம். உங்கள் ரவுட்டரின் வெளி முகவரி 100.64இலிருந்து 100.127க்குள் தொடங்கினால், பல வீடுகள் ஒரே முகவரியைப் பகிர்கின்றன. போர்ட் திறந்தாலும் வேலை செய்யாது. 4ஜி இணைப்புகளில் இது மிகச் சாதாரணம். டெயில்ஸ்கேல் போன்ற மென்பொருள் இந்தத் தடையைத் தாண்டிக் கருவிகளை மறைகுறியாக்கத்தோடு இணைக்கும். தனிப்பட்ட பாவனைக்கு இலவசத் திட்டம் இருக்கிறது.

அதே வழியால் கனடாவிலோ லண்டனிலோ இருக்கும் அண்ணா வீட்டுக் கணினியில் மூன்றாவது பிரதியை வைக்கலாம். ரெஸ்டிக் என்ற கருவி எல்லாவற்றையும் மறைகுறியாக்கிய பிறகே அனுப்பும், பிறகு மாறியவற்றை மட்டும் சேர்க்கும். முதல் பிரதிதான் பாரம். 200 ஜிபி படங்களை 5 எம்பிபிஎஸ் வேகத்தில் ஏற்ற நாலு நாள் அளவு நிறுத்தாமல் ஓட வேண்டும், டேட்டாவும் தீர்ந்துவிடும். ஆகவே முதல் பிரதியை ஒரு வெளி டிஸ்க்கில் எடுத்து, நல்லூர்த் திருவிழாவுக்கு வந்து திரும்பும் உறவினரின் கைப்பையில் கொடுத்துவிடுங்கள். அங்கே அதை மாட்டிய பின் ஒவ்வோர் இரவும் போவது சில எம்பிதான். ரெஸ்டிக்கின் கடவுச்சொல்லைத் தாளில் எழுதி இரண்டு வீடுகளில் வையுங்கள், அது தொலைந்தால் அந்தப் பிரதியை எவராலும் திறக்க முடியாது. டிஸ்க்கைக் கொடுத்துவிடுவதற்கு முன், அதிலிருந்து பத்துப் படங்களை வேறொரு கணினியில் மீட்டெடுத்துத் திறந்து பாருங்கள்.